நீர் வகுத்த பாதை

பாதைகள் பலவகைப்படும். காட்டில் விலங்குகள் நடந்து நடந்து உண்டாக்கிய தடம் ஒன்று. வயல் வரப்பின்மேல் உழவர் நடந்து உண்டாக்கிய ஒற்றையடிப் பாதை ஒன்று. மாட்டுவண்டியின் சக்கரம் பதிந்து உண்டான வண்டிப்பாதை ஒன்று. கல்லும் தாரும் இட்டு அரசினர் அமைத்த பெருஞ்சாலை ஒன்று. இவற்றுள் வண்டிப்பாதைக்கும் பெருஞ்சாலைக்கும் இடைப்பட்டதாய், மண்ணின்மேல் சரளைக்கல் பரப்பி இறுக்கிய பாதை ஒன்று உண்டு. அதனைச் சரளைப் பாதை என்பர். விரைந்தோடும் உந்துவண்டிக்கு அஃது ஏற்றதன்று. கால்நடையாகச் செல்வோர்க்கோ அது மிக நெடிது. மிதிவண்டியில் செல்வோர்க்குத்தான் அது முற்றிலும் பொருந்தும்.

அண்மைக் காலத்தில் உலக நாடுகள் பலவற்றில், சரளைப் பாதையில் மிதிவண்டி ஊர்தல் ஒரு நல்ல உடற்பயிற்சியாகவும் பந்தயமாகவும் வளர்ந்துள்ளது. அமெரிக்க நாட்டின் கான்சாசு மாநிலத்தில், புல் நிறைந்த மேடுகளினூடே ஏறத்தாழ 320 கிலோமீட்டர் தொலைவு செல்லும் பந்தயம் ஒன்று 2006-ஆம் ஆண்டில் தொடங்கிற்று. 2022-ஆம் ஆண்டில் இத்தாலி நாட்டின் வெனெட்டோப் பகுதியில், சரளைப் பாதைக்கென்றே முதல் உலகப் போட்டி நடைபெற்றது. ஆயினும், இத்தகைய பாதைகளைக் காணக் கடல் கடந்து செல்ல வேண்டுவதில்லை. திருநெல்வேலிச் சீமையில், பொதியமலையின் அடிவாரத்திலும் பொருநையாற்றின் பள்ளத்தாக்கிலும் அவை பலவாக உள்ளன. அவை எவ்வாறு உண்டாயின? அவற்றில் எவ்வாறு செல்லுதல் வேண்டும்? அவற்றை ஏன் காத்தல் வேண்டும்? இம்மூன்றையும் இப்பாடத்தில் காண்போம்.

மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில் ஓங்கி நிற்பது பொதியமலை. அதன் உச்சியாகிய அகத்தியர் மலை 1,868 மீட்டர் உயரமுடையது. அம்மலைத் தொடரில் பிறக்கின்ற பொருநையாறு, தாமிரபரணி என்னும் பெயராலும் வழங்குகிறது. அஃது ஏறத்தாழ 128 கிலோமீட்டர் ஓடி, புன்னைக்காயலுக்கு அருகில் மன்னார் வளைகுடாவில் கலக்கிறது. தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை ஆகிய இரண்டும் ஊட்டுவதால் அதனை வற்றாத ஆறு என்பர். நிலத்தைத் திணைகளாகப் பகுத்துணர்ந்தவர் நம் புலவர். அவர் கூறிய குறிஞ்சியும் முல்லையும் மருதமும் நெய்தலும் இவ்வொரு சிறிய ஆற்றின் வழியிலேயே ஒன்றன்பின் ஒன்றாக அமைந்துள்ளன. மலையடிவாரத்தில் புறப்பட்ட மிதிவண்டிக்காரன் இரண்டு நாள்களில் இந்நான்கையும் கண்டு கடற்காற்றை நுகரலாம்.

ஆறு நீரை மட்டும் கொணர்வதில்லை, கல்லையும் கொணர்கிறது. மலையிலிருந்து இறங்கும் வெள்ளத்திற்கு வலிமை மிகுதி; அது பெருங்கற்களையும் உருட்டிக்கொண்டு வரும். அடிவாரத்தை அடைந்ததும் நிலத்தின் சரிவு குறைகிறது. சரிவு குறையவே, நீரின் விரைவு குறைகிறது. விரைவு குறையவே, நீர் தான் சுமந்து வந்த சுமையை ஒவ்வொன்றாக இறக்கி வைக்கிறது. முதலில் குண்டுக்கற்கள், அடுத்துக் கூழாங்கற்கள், அதன்பின் பருமணல், அதன்பின் நுண்மணல், இறுதியில் வண்டல். பல சல்லடைகளை அடுக்கி வைத்துத் தானியத்தைத் தரம் பிரிப்பாரைப் போல, ஆறு தன் வழிநெடுகக் கல்லைத் தரம் பிரித்து வைத்திருக்கிறது. ஆற்றை ஒட்டிய தடங்களில் மிதிவண்டி ஊர்பவன் இதனை நூலிற் படித்துத்தான் அறிய வேண்டும் என்பதில்லை. கைப்பிடியைப் பற்றிய அவன் கைகளே அறியும். மலையடியில் கைகள் அதிரும். சமவெளியை அடைந்தபின் சக்கரத்தின் கீழ்க் கரகரவென்னும் ஓசை மட்டும் கேட்கும். இன்னும் கிழக்கே சென்றால் மணலில் சக்கரம் புதையும்.

இனி, பாதை பிறந்த கதைக்கு வருவோம். ஆறு பள்ளத்தில் ஓடுகிறது. வயலோ மேட்டில் இருக்கிறது. பள்ளத்து நீரை மேட்டிற்குக் கொண்டுசெல்வது எவ்வாறு? ஏற்றமிட்டு இறைப்பது ஒரு வழி. அதனால் சிறு நிலமே விளையும். நம் முன்னோர் கண்ட வழி வேறு. மேற்கே, ஆறு உயரத்தில் இருக்கும்போதே அதன் குறுக்கே அணை ஒன்று கட்டினர். அணையால் சற்றுத் தேங்கி நின்ற நீரைப் பக்கத்தே ஒரு கால்வாயில் திருப்பினர். அக்கால்வாயை ஆற்றின் சரிவைக் காட்டிலும் குறைந்த சரிவுடையதாக வெட்டினர். ஆறு விரைந்து இறங்குகிறது. கால்வாய் மெல்ல இறங்குகிறது. ஆதலின், தொலைவு செல்லச் செல்லக் கால்வாய் ஆற்றைவிட உயர்ந்து நிற்கிறது. இரண்டிற்கும் இடைப்பட்ட நிலமெல்லாம் கால்வாயின் மடைகள் வழியே நீர் பெற்று, கார் என்றும் பிசானம் என்றும் இரு போகம் விளைகிறது.

பொருநையின் குறுக்கே இவ்வாறு அமைந்த அணைகள் எட்டு. மேற்கிலிருந்து கிழக்காக அவை கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், திருவைகுண்டம் என்பன. இவற்றுள் முதல் ஏழும் பழைய ஆட்சிக் காலங்களைச் சேர்ந்தவை. இறுதியாகிய திருவைகுண்டம் அணை 19-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் ஆட்சியில் எழுந்தது. இவ்வெட்டு அணைகளிலிருந்தும் பதினொரு கால்வாய்கள் பிரிகின்றன.

கால்வாய் வெட்டும்போது எடுத்த மண்ணைத் தொலைவில் கொண்டுபோய்க் கொட்டுவதில்லை. பக்கத்திலேயே குவித்துக் கரையாக்குவர். அக்கரையை நாள்தோறும் பார்த்துவர ஆள் வேண்டும். மடை திறந்து மடை அடைக்கும் நீர்பாய்ச்சி என்னும் ஊர்ப்பணியாளர் அதன்மேல் நடந்து சென்றனர். கரை உடைந்தால் மண்ணும் மரமும் கல்லும் ஏற்றிய வண்டிகள் அங்கே விரைந்து செல்லுதல் வேண்டும். ஆதலின், கரையின் தலையை மட்டமாக்கி வண்டி செல்லும் அளவிற்கு அகலமாக்கினர். மழைக்காலத்தில் சேறாகாமல் இருத்தற்பொருட்டு அதன்மேல் சரளை பரப்பினர். இவ்வாறு பிறந்ததே கால்வாய்க் கரைப்பாதை. பாதைக்காகக் கரை அமைந்ததன்று. கரைக்காகவே பாதை அமைந்தது. இவ்வுண்மையை மாணவர்கள் மனத்தில் இருத்துதல் வேண்டும்.

கால்வாய்க் கரையில் மிதிவண்டி எளிதாக ஓடுவதன் காரணமும் இதனால் விளங்கும். அம்பாசமுத்திரம் கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 75 மீட்டர் உயரத்தில் உள்ளது. திருநெல்வேலி ஏறத்தாழ 45 மீட்டர் உயரத்தில் உள்ளது. இவ்விரண்டு ஊர்களுக்கும் இடைப்பட்ட தொலைவு ஏறத்தாழ 35 கிலோமீட்டர். அஃதாவது, ஒரு கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் அளவுகூட நிலம் இறங்கவில்லை. கால்வாயின் இறக்கமோ ஆற்றின் இறக்கத்தினும் குறைவு. இத்துணைச் சிறிய சரிவைக் கண்ணால் காண இயலாது. காலாலும் உணர இயலாது. நீர் மட்டுமே உணரும். அந்நீரையே அளவுகோலாகக் கொண்டு கால்வாய் வெட்டியவர்களின் நுண்ணறிவை, அதன் கரையில் மூச்சிரையாமல் செல்லும் மிதிவண்டிக்காரன் தன் உடம்பாலேயே அறிகிறான்.

இப்பாதைகளுள் ஒன்றைச் சான்றாகக் காண்போம். கல்லிடைக்குறிச்சிப் பக்கத்திலிருந்து ஆற்றின் தென்புறமாகச் செல்வது கன்னடியன் கால்வாய். கன்னட நாட்டார் ஒருவரின் கொடையால் வெட்டப்பட்டது என்பது வழிவழியாக வரும் செய்தி. அதன் கரையோரமாகக் கிழக்கு நோக்கிச் செல்பவனுக்கு இடப்புறத்தில் ஆறு வரை பரந்த நெல்வயலும் வாழைத்தோட்டமும் தெரியும். வலப்புறத்தில் மேட்டு நிலமும் பனையும் உடைமரமும் தெரியும். ஒரு கரையே நன்செய்க்கும் புன்செய்க்கும் எல்லையாக நிற்கிறது. ஒரு பாதையில் சென்றுகொண்டே இரு திணைகளை இரு கண்களாலும் காணும் பேறு வேறெங்குக் கிடைக்கும்?

அக்கால்வாயின் வழியில் வீரவநல்லூர், காருகுறிச்சி, சேரன்மகாதேவி, பத்தமடை முதலிய ஊர்கள் உள்ளன. வீரவநல்லூர் நெசவிற்குப் பெயர் பெற்றது. காருகுறிச்சி மட்பாண்டத் தொழிலுக்கும், நாகசுரக் கலைஞர் அருணாசலம் அவர்கள் பிறந்தமைக்கும் புகழ் பெற்றது. பத்தமடைப் பாயின் மென்மையை அறியாதார் இலர். குயவர் மண் குளத்தின் அடியிலிருந்து வருவது; பாய் முடையும் கோரை ஆற்றங்கரையிலிருந்து வருவது. ஆகவே, நெல்லும் வாழையும் மட்டுமன்றிப் பானையும் பாயுங்கூட நீர் தந்த செல்வங்களே. பாதை முழுவதும் சரளை என்று எண்ணிவிடலாகாது. சில இடங்களில் தார்ச்சாலை குறுக்கிடும். சில இடங்களில் வெறும் மண்ணே இருக்கும். சில இடங்களில் முட்செடி மண்டியிருக்கும். அவ்விடங்களில் இறங்கி உருட்டிச் செல்லுதல் இழுக்காகாது. ஆற்றின் வடகரையில், கடனாநதி பொருநையோடு கூடுமிடத்தில் திருப்புடைமருதூர் உள்ளது. அவ்வூர் மருத மரங்களில் பறவைகள் திரளாகக் கூடு கட்டுதலால், 2005-ஆம் ஆண்டில் அது பறவைகளின் காப்பிடமாக அறிவிக்கப்பெற்றது. ஊரார் அப்பறவைகளைத் தம் மக்களைப் போலப் போற்றுவர். அங்குச் செல்வோர் மணியை ஒலிக்காமல் மெல்லச் செல்லுதல் வேண்டும்.

பள்ளத்தாக்கின் பாதை இத்தகையது. மலையடிவாரப் பாதையின் இயல்போ வேறு. அம்பாசமுத்திரத்திலிருந்து வடமேற்காக ஆழ்வார்குறிச்சி, சிவசைலம், கடையம் ஆகிய ஊர்களை நோக்கிச் சென்றால் அதனை உணரலாம். பாரதியார் 1918 முதல் 1920 வரை வாழ்ந்த ஊர் கடையம். இப்பகுதியில் மலை இடப்புறத்தில் உடன்வரும். ஆனால் நீர் உடன்வாராது, குறுக்கே வரும். கடனாநதி முதலிய ஆறுகளும் பெயரில்லாத ஓடைகள் பலவும் மலையிலிருந்து இறங்கி, பாதையை வெட்டிக்கொண்டு கிழக்கே செல்கின்றன. ஒவ்வோர் ஓடையும் ஒரு பள்ளம்; ஒவ்வொரு பள்ளமும் ஓர் இறக்கமும் ஓர் ஏற்றமும் உடையது. சுருங்கச் சொன்னால், பள்ளத்தாக்குப் பாதை நீரோடு செல்வது. அடிவாரப் பாதை நீரைக் கடப்பது. முன்னதற்குப் பொறுமை வேண்டும். பின்னதற்கு விழிப்பு வேண்டும்.

விழிப்பு எதற்கு? ஓடையின் அடிமட்டத்தில்தான் உதிரிக் கற்கள் மிகுதியாகக் கிடக்கும். இறக்கத்தில் விரைந்து வந்த சக்கரம் அங்கேதான் வழுக்கும். கற்களின் வடிவத்தையும் அறிந்திருத்தல் நன்று. ஸ்காத்லாந்து நாட்டிற் பிறந்த மக்காதம் என்னும் பொறியாளர், 1816-ஆம் ஆண்டில் பிரிஸ்டல் நகரச் சாலைகளின் பொறுப்பை ஏற்றார். கோணமுள்ள சிறிய உடைகற்களை அடுக்கடுக்காகப் பரப்பினால், வண்டிகளின் பாரத்தால் அவை ஒன்றையொன்று கவ்விக்கொண்டு உறுதியாகும் என்றும், சாலையின் நடுவை உயர்த்தி நீரை இருபுறமும் வடியவிட்டால் அது கெடாது என்றும் அவர் காட்டினார். நாம் கப்பிச்சாலை என்று கூறுவது அம்முறையில் வந்ததே. உடைந்த கல் கோணம் உடையது, ஆதலின் கவ்வும். ஆற்றில் உருண்ட கூழாங்கல்லோ வழவழப்பானது, ஆதலின் உருளும். உடைகல் பரப்பிய பாதையில் அச்சமின்றிச் செல்லலாம். கூழாங்கல் கிடக்கும் பாதையில் மெல்லவே செல்லுதல் வேண்டும்.

இனி, மிதிவண்டியைப் பற்றிச் சில கூறுவோம். சங்கிலியால் பின்சக்கரம் சுழலும் மிதிவண்டியை இங்கிலாந்தில் ஸ்டார்லி என்பவர் 1885-ஆம் ஆண்டில் அமைத்தார். அதன் சக்கரத்தில் இருந்தது கட்டி ரப்பர். அது கல்மேல் ஏறியபோதெல்லாம் ஊர்பவனின் எலும்பு அதிர்ந்தது. 1888-ஆம் ஆண்டில் டன்லப் என்பவர் காற்றடைத்த டயரை ஆக்கினார். காற்றடைத்த டயர் கல்லின்மேல் ஏறும்போது வண்டி முழுவதும் எழுவதில்லை. கல்லிருக்கும் இடத்தில் டயர் மட்டும் குழிந்து கொடுக்கிறது. சரளைப் பாதையில் செல்லுதற்கு அடிப்படை இதுவே.

பந்தயச் சாலையில் செல்லும் மிதிவண்டிக்கு ஒடுங்கிய டயரும் மிகுந்த காற்றும் உண்டு. சரளைப் பாதைக்கு அவை ஆகா. அகன்ற டயரும் சற்றுக் குறைந்த காற்றுமே அதற்கு ஏற்றவை. இதற்கெனச் செய்யப்பெற்ற வண்டிகளின் டயர் பெரும்பாலும் 35 முதல் 45 மில்லிமீட்டர் வரை அகலமுடையது. இவற்றைப் பெருவிலை கொடுத்து வாங்கினால்தான் செல்ல இயலும் என்று மாணவர்கள் எண்ணல் வேண்டா. நம் ஊர்களில் பால் சுமந்தும் புல்லுக்கட்டுச் சுமந்தும் உழைத்துவந்த கனத்த கருநிற மிதிவண்டியின் டயர் ஒன்றரை அங்குல அகலமுடையது. அஃதாவது, ஏறத்தாழ 40 மில்லிமீட்டர். உலகம் இன்று புதிதாகக் கண்ட அகலம் நம் பாட்டனார் வண்டியில் முன்பே இருந்தது! காற்றை மட்டும் அளவறிந்து நிரப்புதல் வேண்டும். மிகுந்தால் வண்டி துள்ளும். மிகக் குறைந்தால் கல்லுக்கும் சக்கர விளிம்பிற்கும் இடையே டியூப் நசுங்கி ஓட்டையாகும்.

ஏற்றத்தில் செல்லுதற்குப் பற்சக்கரத்தின் கணக்கையும் அறிதல் வேண்டும். முன் பற்சக்கரத்தில் 44 பற்களும் பின் பற்சக்கரத்தில் 18 பற்களும் இருப்பின், மிதியை ஒரு முறை சுற்றினால் பின்சக்கரம் ஏறத்தாழ இரண்டரை முறை சுற்றும். சமவெளிக்கு இது நன்று, ஏற்றத்திற்கோ கடினம். முன்னும் பின்னும் பற்கள் ஒரே எண்ணிக்கையாயின், ஒரு மிதிக்கு ஒரு சுற்றே. விரைவு குறையும், வலிமை மிகும். பல பற்சக்கரம் உடைய வண்டிகளில் இவ்வாறு மாற்றிக்கொள்ளலாம். ஒரே பற்சக்கரம் உடையவர் ஏற்றத்தில் இறங்கித் தள்ளுவதே அறிவுடைமை.

ஊரும் முறையிலும் சில நுட்பங்கள் உண்டு. கைப்பிடியை இறுகப் பற்றலாகாது. தளரப் பற்றினால் சக்கரம் தானே வழி கண்டு செல்லும். கண் சக்கரத்தடியில் நில்லாமல் முன்னே பத்துப் பதினைந்து மீட்டர் தொலைவில் நிற்றல் வேண்டும். வளைவிற்குள் நுழைந்தபின் தடையை அழுத்தினால் வண்டி சறுக்கும். நுழையுமுன்னரே விரைவைக் குறைத்துக்கொள்ளல் வேண்டும். முன்தடையைத் திடுமென அழுத்தினால் முன்சக்கரம் சரளையில் வழுக்கி, ஊர்பவனைக் கீழே தள்ளும். கரடுமுரடான இடத்தில் இருக்கையினின்று சற்றே எழுந்து, இரு மிதிகளின்மேலும் நின்று செல்லுதல் நலம். அப்போது முழங்கால்களே அதிர்வைத் தாங்கும். தலைக்கவசம், காற்றடிக்கும் குழல், டியூப் ஒட்டும் பொருள்கள், குடிநீர் ஆகியன இன்றிப் புறப்படலாகாது. துணையின்றித் தனியே செல்லுதலும் தகாது.

காலமும் காற்றும் அறிந்து செல்லுதல் வேண்டும். சனவரி முதல் மார்ச்சு வரை உள்ள திங்கள்கள் பயணத்திற்கு ஏற்றவை. பிசான நெல் முற்றி வயலெல்லாம் பொன்னிறமாய் விளங்கும் காலம் அது. சூன் முதல் செப்டம்பர் வரை மேல்காற்று மலைக்கணவாய்களின் வழியே வலிமையாக வீசும். அக்காலத்தில் காற்று எழுமுன் விடியற்காலையில் மேற்கு நோக்கிச் சென்று, பின்னர்க் காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு கிழக்கே திரும்புதல் எளிது. அக்டோபர் முதல் திசம்பர் வரை வடகிழக்குப் பருவமழைக் காலம். அப்போது அடிவார ஓடைகளை நம்பலாகாது. நாம் நிற்குமிடத்தில் வெயில் காயலாம். மலைமேல் பெய்த மழை சற்று நேரத்தில் ஓடையில் வெள்ளமாக வந்து சேரும். தரைப்பாலத்தின்மேல் நீர் ஓடுமாயின், அது கணுக்கால் அளவே ஆயினும், கடவாமல் திரும்புதல் வேண்டும். நீரின் அடியில் பாதை இருக்கிறதா, அரித்துச் செல்லப்பட்டதா என்பதனைக் கண் அறியாது.

எல்லையறிந்து செல்லுதலும் இன்றியமையாதது. களக்காடு – முண்டந்துறைப் புலிகள் காப்பகம் 1988-ஆம் ஆண்டில் அமைந்தது. தமிழ்நாட்டின் முதற் புலிகள் காப்பகம் அதுவே. புலியும் சிறுத்தையும் யானையும் கரடியும் வாழும் காடு அது. வனத்துறையினரின் இசைவின்றி அதனுள் செல்லுதல் குற்றமாகும். மிதிவண்டி ஓசையின்றிச் செல்லும் ஊர்தி. வளைவில் எதிர்ப்படும் விலங்கிற்கு நம் வரவு தெரியாது. அச்சமுற்ற விலங்கே மிகுதியும் தாக்கும். ஆதலின், காட்டு எல்லையே நம் பாதையின் எல்லை என்று கொள்ளல் வேண்டும். எல்லையோரப் பாதைகளிலும் மாலை நான்கு மணிக்கு முன்பே ஊர் திரும்பிவிடுதல் நன்று.

இறுதியாக, இப்பாதைகளை ஏன் காத்தல் வேண்டும் என்பதனை நோக்குவோம். கரைக்காகவே பாதை அமைந்தது என்று முன்னரே கூறினோம். கரை கெடுமாயின் கெடுவது பாதை மட்டுமன்று. வயலும் வீடும் கெடும். 2023-ஆம் ஆண்டு திசம்பர்த் திங்கள் 17, 18-ஆம் நாள்களில் திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களில் பெருமழை பெய்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. பொருநை பெருக்கெடுத்தது; குளங்கள் பல உடைந்தன; சாலைகள் அறுந்தன; திருவைகுண்டம் தொடர்வண்டி நிலையத்தில் நூற்றுக்கணக்கான பயணிகள் வெள்ளத்தின் நடுவே சிக்கி நின்றனர். அத்தகைய பெருவெள்ளத்தை எந்தக் கரையும் முற்றும் தடுத்துவிடாது. எனினும், செவ்வனே பேணப்பட்ட கரை நெடுநேரம் நிற்கும். அந்நேரத்தில் மக்கள் மேட்டை நாடித் தப்பலாம்.

கரை பெரும்பாலும் ஒரே நாளில் கெடுவதன்று. நண்டு ஒரு வளை தோண்டும். எலி ஒரு வளை தோண்டும். அவ்வளையுள் புகுந்த நீர் சிறிது சிறிதாக மண்ணைக் கரைத்துக்கொண்டு மறுபுறம் வெளிப்படும். வெளிப்படும் கசிவு தெளிந்திருந்தால் அதனைக் கவனித்து வருதல் வேண்டும். கலங்கியிருந்தால் உடனே அஞ்சுதல் வேண்டும். கலங்கிய நீர் கரையின் மண்ணைத் தன்னோடு கொண்டுவருகிறது என்பதே அதன் பொருள். ஈரமான கரையில் கனத்த வண்டி சென்றால் சக்கரத் தடம் ஆழப் பதியும். அத்தடத்தில் மழைநீர் ஓடினால் அது சிற்றோடையாகி, கரையின் பக்கத்தை அறுக்கும். ஆதலின், மழை பெய்து காயாத கரையில் மிதிவண்டியையும் ஓட்டலாகாது.

முற்காலத்தில் இக்குறைகளை நாள்தோறும் கரைமேல் நடந்த நீர்பாய்ச்சி கண்டார். கண்டவுடன் ஊருக்கு உரைத்தார். ஊரார் கூடிக் குடிமராமத்துச் செய்தனர். இன்று கரைமேல் நடப்பவர் அருகிவிட்டனர். நடப்பாரற்ற பாதையில் முள் மண்டும். முள் மண்டிய கரையில் வளை தோன்றினால் காண்பார் இலர்.

இத்தாலி நாட்டின் தசுக்கனிப் பகுதியில் வெண்சாலைகள் எனப்படும் பழைய சரளைச் சாலைகள் உண்டு. அவை தாருக்குள் மறைந்து வருதலைக் கண்டு வருந்திய சிலர், 1997-ஆம் ஆண்டில் கயோலே என்னும் சிற்றூரில் ஒரு மிதிவண்டி விழாவைத் தொடங்கினர். பழங்காலத்து மிதிவண்டிகளில் அச்சாலைகளின் வழியே செல்வதே அவ்விழா. பின்னர் உலகின் பல பகுதிகளிலிருந்தும் மக்கள் அங்கு வரலாயினர். அச்சாலைகளும் போற்றிக் காக்கத்தக்க செல்வங்கள் என்னும் மதிப்பைப் பெற்றன. செல்வார் உளரேல் பாதை உளது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

இதனால் ஊர்களுக்குத் தார்ச்சாலை வேண்டா என்று கூறுவதாகக் கொள்ளற்க. நோயாளியை மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லவும், குழந்தைகள் பள்ளிக்குச் செல்லவும், விளைபொருள் சந்தைக்குச் செல்லவும் நல்ல சாலை வேண்டும். அஃது ஊரின் உரிமை. ஆனால், ஊர்ச்சாலை வேறு, கரைப்பாதை வேறு. முன்னது மக்களைச் சுமப்பது. பின்னது நீரைக் காப்பது.

மாணவர்களே! விடுமுறை நாளில் பெரியோர் ஒருவர் துணையோடு உங்கள் ஊரின் கால்வாய்க் கரையிலோ குளக்கரையிலோ மிதிவண்டியில் சென்று பாருங்கள். நீர் எங்கிருந்து வருகிறது, எந்த மடையில் பிரிகிறது, எந்த வயலில் முடிகிறது என்று கண்டு, ஒரு சிறு ஏட்டில் குறித்துக்கொள்ளுங்கள். கரையில் வெடிப்போ, வளையோ, கலங்கிய கசிவோ கண்டால், அதனை ஊராட்சித் தலைவர்க்கோ நீர்வளத் துறையினர்க்கோ தெரிவியுங்கள். விரைந்து செல்லும் உந்துவண்டியிலிருந்து அவற்றைக் காண இயலாது. மிதிவண்டியின் மெல்லிய விரைவே அவற்றைக் காணத்தக்க விரைவு. இன்பமாகச் சென்றவர் ஊருக்குக் காவலராகவும் திரும்புதல் கூடும். நீர்பாய்ச்சி நடந்த கரையில் இன்று நீங்கள் செல்கிறீர்கள். அவர் கண்ட கண்ணையும் உடன்கொண்டு செல்லுங்கள்.